விமானம் இறங்கும் ஊரில் பணம் எங்கே இறங்குகிறது?

விமான நிலையம் வந்தால் சுற்றுவட்டாரம் வளரும் என்று அரசியல்வாதி முதல் வீடு விற்கும் ஏஜெண்ட் வரை எல்லாரும் சொல்வார்கள். அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கணக்குதான். சிப்பாங் பக்கம் தோட்டப்புறத்தில் இருக்கிற நாங்கள் மீதிக் கணக்கையும் பார்த்தவர்கள், ஏனென்றால் மலேசியாவின் மிகப் பெரிய விமான நிலையம் எழும்பியது எங்கள் செம்பனைக்கும் பால் மரத்துக்கும் (ரப்பர்) நடுவில்தான். 1998 ஜூன் கடைசியில் கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம், திறந்தபோது அதற்கென ஒதுக்கியிருந்த நிலம் 10,000 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 25,000-க்குக் கொஞ்சம் குறைவு. கோலாலம்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் அத்தனை பெரிய நிலம் ஒரே துண்டாகக் கிடைக்க வேண்டுமென்றால் தோட்டங்கள் இருந்த இடத்தில்தான் கிடைக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விமான நிலையம் கொண்டுவரும் பணம் முதலில் இரண்டு பேரிடம் போகும்: நிலம் வைத்திருப்பவரிடமும், தொழில் சான்றிதழ் வைத்திருப்பவரிடமும். தோட்டத்து மக்களிடம் நிலம் இருந்ததே இல்லை. அதனால் எங்கள் ஆட்களுக்கு இதில் என்ன கிடைத்தது, இனி என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அந்த இரண்டாவதைப் பொறுத்தது.

சரி, முதலில் பணம் எப்படிப் பரவுகிறது என்று பார்ப்போம். விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் வேலை ஒரு வகை: பெட்டி ஏற்றி இறக்குவது, விமானத்தைச் சுத்தம் செய்வது, பாதுகாவல், கடை, சரக்குக் கிடங்கு, விமானச் சாப்பாட்டுக்கான சமையற்கூடம், பராமரிப்புக் கொட்டகை. அதற்குப் பொருளும் சேவையும் கொடுக்கும் வெளி ஆட்கள் அடுத்த வகை, அதாவது காய்கறி சப்ளை செய்கிறவர், சீருடை தைக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், துணி வெளுக்கிறவர். இந்த இரண்டு கூட்டமும் சம்பளம் வாங்கி ஊருக்குள் செலவழிக்கும்போது ஒட்டுக்கடை, மளிகைக் கடை, டியூஷன் வகுப்பு, கார் பட்டறை என்று பிழைப்பு நடக்கும். நான்காவதுதான் உண்மையில் பெரியது, ஆனால் கண்ணுக்கு உடனே தெரியாது: பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வந்து இறங்கும் தொழில்கள். ஏர் ஆசியா தன் தலைமையகத்தையே கேஎல்ஐஏ வளாகத்துக்குக் கொண்டுவந்தது. இணையத்தில் வாங்கும் பொருட்களைப் பிரித்தனுப்பும் பெரிய கிடங்கை அலிபாபா குழுமத்தின் சைனியாவ் அங்கே அமைத்தது. இரண்டும் இந்த நான்காவது வகை.

உள்ளே எத்தனை வேலை என்பதற்கு ஐரோப்பிய விமான நிலையங்களின் சங்கம் 2004-ல் ஒரு கணக்குச் சொன்னது: ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகள் வந்து போனால் வளாகத்துக்குள் ஏறத்தாழ 950 வேலை. மலிவு விலை விமானங்கள் அதிகமாகவும், டிக்கெட் பதிவு முழுக்க இயந்திரத்திலும் நடக்கிற இடத்தில் இந்த எண் குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே என்ன ஆகிறது என்பதற்கு, புரூக்னர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2003-ல் அந்நாட்டு நகரங்களை வைத்துச் செய்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது: பயணிகள் எண்ணிக்கை 10 சதவீதம் கூடினால் சேவைத் துறை வேலைகள் ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகின்றன, ஆனால் பொருள் தயாரிக்கும் துறைகளில் அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. இது முக்கியமான செய்தி. பயணி விமானங்கள் ஆபீஸ், ஹோட்டல், பேச்சுவார்த்தை, மாநாடு, ஆலோசனை போன்ற தொழில்களுக்குத் தீனி போடுகின்றன. அந்த வேலைகள் ஓடுபாதைக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) பிறக்காமல் 50 கிலோமீட்டர் தள்ளி கோலாலம்பூரின் கண்ணாடிக் கட்டடத்தில் பிறக்கலாம். சத்தம் நமக்கு, சம்பளம் அங்கே என்று ஆவதற்கு இதுதான் காரணம்.

அப்படியென்றால் தொழிற்சாலைக்கும் விமான நிலையத்துக்கும் தொடர்பே கிடையாதா? உண்டு, ஆனால் எல்லாத் தொழிற்சாலைக்கும் கிடையாது. உலக வாணிபத்தில் எடைக் கணக்கில் விமானத்தில் போவது 1 சதவீதத்துக்கும் குறைவு, மதிப்புக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்கிறது. எது லேசாகவும் விலை அதிகமாகவும் அவசரமாகவும் இருக்கிறதோ அது விமானத்தில் போகும். செம்பனை எண்ணெய் போகாது, அது கப்பல் சரக்கு. ரப்பர் போகாது. மரம் போகாது. கணினிச் சில்லு போகும், மருத்துவக் கருவி போகும், கேமரன் மலையின் பூ போகும், நீர் நிரப்பிய பையில் உயிரோடு அலங்கார மீன் போகும். ஒரு தோட்டப்புறம் நூறு வருஷமாக விளைவித்த எதுவும் விமானம் ஏறும் பொருள் கிடையாது என்பதுதான் எங்கள் பக்கத்துச் சிக்கலின் வேர்.

பினாங்கைப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-லிருந்து இருக்கிறது, ஆனால் அடுத்த 35 வருஷத்தில் அது அந்தப் பக்கத்தைப் பணக்காரப் பகுதியாக ஆக்கிவிடவில்லை. 1969-ல் பினாங்கின் வரியில்லாத் துறைமுகத் தகுதி போய், வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல் ஏறிய நேரத்தில், டாக்டர் லிம் சோங் யூ தலைமையிலான மாநில அரசு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வரியில்லாத் தொழிற்பேட்டை ஒன்றை அமைத்தது. 1972-ல் இன்டெல் வந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் தொழிற்சாலை அதுதான். கூடவே ஏஎம்டி, ஹிட்டாச்சி, ஹியூலெட் பேக்கார்ட், போஷ் எல்லாம் வந்தன. சில்லுகள் விமானத்தில் வந்து, இங்கே பொருத்திச் சோதிக்கப்பட்டு, விமானத்தில் திரும்பிப் போயின. ஆக, அங்கே விமான நிலையம் தனியாக எதையும் செய்யவில்லை. வரிச் சலுகை, மின்சாரம், தொழிற்பேட்டை நிலம், இளம் பெண்களின் உழைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடின. 1996-ல் பக்கத்து மாநிலமான கெடாவில் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் அந்தத் தொடர்ச்சிதான், அதன் சரக்கு பாலம் தாண்டி அதே பாயான் லெப்பாஸுக்குத்தான் லாரியில் போகிறது.

எங்கள் சிப்பாங்கில் விமான நிலையம் வந்தபோது சில்லுத் தொழிற்சாலைகள் ஏற்கெனவே வேறு இடங்களில் வேர் பிடித்துவிட்டன. இங்கே அரசாங்க நிர்வாக நகரான புத்ராஜெயாவும் கணினித் தொழில் நகரான சைபர்ஜெயாவும் வந்தன, 1999-ல் கார் பந்தயத் தடம் வந்தது, 2002-ல் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து விரைவு ரயில் வந்தது, 2006-ல் மலிவு விலை விமான முனையம், 2014-ல் அதற்குப் பதிலாக கேஎல்ஐஏ 2, 2015-ல் மிட்சுயி அவுட்லெட் பார்க். பட்டியல் நீளமானது, எல்லாமே உண்மையான வளர்ச்சி. ஆனால் அந்த வளர்ச்சி வரைபடத்தில் வட்டமாகப் பரவவில்லை. நெடுஞ்சாலையும் ரயிலும் போன பக்கம் மட்டுமே நீண்டது. சாலாக் திங்கியில் ரயில் நிற்கிறது, அதனால் அதைச் சுற்றியும் கோத்தா வாரிசானிலும் தாமான்களும் சின்ன ஹோட்டல்களும் கார் நிறுத்துமிடங்களும் முளைத்தன. நீலாய்க்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் கேடிஎம் ரயிலும் இருந்தன, அதனால் அது நெகிரி செம்பிலானில் இருந்தாலும் பல்கலைக்கழகங்கள், மொத்த விற்பனைக் கடைகள், தொழிற்பேட்டை என்று பெருத்துவிட்டது. கடற்கரைப் பக்கம் இருக்கும் சுங்கை பீலேக் சிப்பாங் மாவட்டத்திலேயே இருந்தும் அந்த அளவுக்கு மாறவில்லை. தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவோம். காலை 4 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிள் இல்லாத ஒரு பெண் எப்படிப் போய்ச் சேருவாள் என்று கேட்டு அளக்க வேண்டும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய பணம் கைமாறியது இங்கேதான், அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

தோட்ட நிலத்துக்கு விலை ஏக்கர் கணக்கில் பேசுவார்கள். வீடு, கடை, தொழிற்சாலை நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. செம்பனை நின்ற நிலம், அதன் பயன்பாட்டு வகை மாற்றப்பட்ட பிறகு அடிக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று விற்கும்போது என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த உயர்வுக்கு நில உரிமையாளர் ஒரு குலை கூட அதிகமாக வெட்டத் தேவையில்லை. ஓடுபாதையும் சாலையும் பொதுப் பணத்தில் வந்தன, விலையேற்றம் பட்டாவில் பெயர் இருந்தவருக்குப் போனது. 1960-ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டப்படி அரசு நிலத்தை எடுத்தாலும், நில மதிப்புக்கான இழப்பீடு உரிமையாளருக்கே.

லயன் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பத்துக்கு? வீடு கம்பெனியுடையது, வேலையோடு வந்தது, வேலையோடு போகும். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன: 5 ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 20 நாள் சம்பளம். 25 வருஷம் பால் வெட்டிய ஒருவருக்கு 500 நாள் சம்பளம் என்று ஆகிறது, அதுவும் தோட்டத்துச் சம்பளக் கணக்கில். அவர் அதை வைத்துக்கொண்டு அதே வட்டாரத்தில் வீடு தேடப் போகும்போது, அந்த வீட்டின் விலையை உயர்த்தியிருப்பது அவரை வெளியேற்றிய அதே திட்டம். சில தோட்டங்களில் போராடி மாற்று வீடு வாங்கினார்கள், சில இடங்களில் மலிவு விலை அடுக்குமாடி கிடைத்தது, சில இடங்களில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப் போனார்கள். கோவிலும் தமிழ்ப்பள்ளியும் தோட்ட நிலத்தில் இருந்ததால் அவையும் இடம் மாற வேண்டி வந்தது. சுற்றுவட்டாரத்தின் மொத்த வருமானம் உயர்ந்தது என்று புள்ளிவிவரம் காட்டும்போது, அங்கே முன்பு இருந்தவர்களின் வருமானம் உயர்ந்ததா, அல்லது பழைய ஆட்கள் போய் வசதியான புது ஆட்கள் வந்தார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது. எனக்கு இந்த விஷயத்தில் இன்றும் கோபம் உண்டு, மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

வேலைப் பக்கம் வருவோம். எங்கள் பிள்ளைகள் நிறைய பேர் விமான நிலையத்தில்தான் இருக்கிறார்கள். இது நல்ல விஷயம், குறைத்துச் சொல்லக் கூடாது: அப்பா வெயிலில் குலை வெட்டிய இடத்தில் மகன் சீருடையோடு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தத்தோடு, ஓவர்டைமோடு வேலைக்குப் போகிறான். ஆனால் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். பெட்டி ஏற்றுபவர், துப்புரவாளர், பாதுகாவலர், வேன் ஓட்டுநர் ஆகிய வேலைகளில் பல ஒப்பந்தக்காரர் மூலம் நடப்பவை, ஒப்பந்தம் மாறினால் ஆளும் மாறலாம், பத்து வருஷ அனுபவத்துக்கும் ஒரு வருஷ அனுபவத்துக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதே வேலியின் இன்னொரு பக்கத்தில் விமானப் பராமரிப்பு இருக்கிறது. அங்கே உரிமம்தான் எல்லாம். மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கொடுக்கும் பராமரிப்பு உரிமத்தில் ஏ, பி1, பி2 என்று பிரிவுகள் உண்டு: ஏ எளிய வேலைகளுக்கு, பி1 இயந்திரம், உடற்பகுதி வேலைகளுக்கு, பி2 மின்னணுவியலுக்கு. ஒவ்வொன்றுக்கும் பரீட்சைகளும் அனுபவ ஆண்டுகளும் உண்டு. கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவரின் சம்பளம் எந்த ஊரிலும் மரியாதையான சம்பளம், அந்த உரிமம் அவரோடு எந்த விமான நிலையத்துக்கும் போகும்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் ஓரளவு நன்றாக இருந்தால் இந்தப் பாதை திறக்கும். ஆனால் பயிற்சிக் கட்டணம் அதிகம், உரிமம் கைக்கு வர வருஷங்கள் பிடிக்கும். வீட்டில் உடனே சம்பளம் தேவைப்படும் பையன் பதினெட்டு வயதில் பெட்டி ஏற்றப் போய்விடுகிறான், அங்கேயே நின்றுவிடுகிறான். இதில் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த இரண்டு மூன்று வருஷத்துக்கு வீட்டைத் தாங்க ஆள் இல்லை என்பதுதான் விஷயம். இன்னொரு வழி சரக்குப் பக்கம்: சுங்கத்துறை முகவர் வேலை. இறக்குமதிக்கு கே1 பாரம், ஏற்றுமதிக்கு கே2, பொருளுக்கு எந்தக் குறியீடு, எந்த வரி, எந்த இலாகாவின் அனுமதி வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கிடங்கில் எப்போதும் தேவை உண்டு, பராமரிப்பு உரிமம் போல நீண்ட படிப்பும் வேண்டாம். எங்கள் பெண் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை, ஆனால் பள்ளி ஆலோசனை வகுப்புகளில் இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

திறமை எவ்வளவு ஆழமாக வேர்விடும் என்பதற்குக் கோலாலம்பூரின் பழைய விமான நிலையமான சுபாங் சாட்சி. 1965-ல் திறந்த அந்த விமான நிலையத்திலிருந்து 1998-ல் பெரிய விமானங்கள் கேஎல்ஐஏவுக்குப் போய்விட்டன. பயணிகளை நம்பியிருந்த வியாபாரம் போனது. ஆனால் பராமரிப்புக் கொட்டகைகளும் அங்கே பழகிய தொழிலாளர்களும் இருந்தார்கள், அதன் மேல் விமானத் தொழிற்பேட்டை எழுந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் அங்கே விமான இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறது, ஏர்பஸ் விமானங்களின் இறக்கைப் பாகங்கள் 2009-லிருந்து அங்கே தயாராகின்றன. மலாக்கா விமான நிலையத்தில் விமானத்தைப் பார்ப்பதே அரிது, ஆனால் அதை ஒட்டி பத்து பெரண்டாமில் சிடிஆர்எம் நிறுவனம் கூட்டுப்பொருளில் (கம்போசிட்) விமானப் பாகங்கள் செய்து உலகத்துக்கே அனுப்புகிறது. சிப்பாங்கிலும் ஏர்பஸ்ஸுக்குச் சொந்தமான பராமரிப்புக் கூடம் ஒன்று இருக்கிறது. பயணிகள் கூட்டத்தை மட்டும் வைத்து ஒரு விமான நிலையத்தின் பயனை எடைபோட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

எதிர்ப்பக்க உதாரணமும் வேண்டும். இலங்கையில் மத்தளை விமான நிலையம் 2013 மார்ச்சில் திறந்தது, ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகளுக்காகக் கட்டியது. சுற்றிலும் பெரிய ஊர் இல்லை, விமானம் ஏறும் சரக்கு இல்லை, விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின, ஒரு கட்டத்தில் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டைகளைச் சேமித்தார்கள். கடன் மட்டும் நின்றது. விமான நிலையம் தேவையை உருவாக்கும் என்று நம்பிக் கட்டினார்கள். ஏற்கெனவே இருக்கும் தேவையை அது வேகப்படுத்தும், அவ்வளவுதான்.

ஒரே தொழிலை நம்பி வாழ்வதன் ஆபத்தையும் இந்த வட்டாரம் பார்த்துவிட்டது. 2019-ல் கேஎல்ஐஏவில் 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள், 2020-ல் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம். அந்த மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு டாக்சி ஓட்டியவர், ஹோட்டல் அறை சுத்தம் செய்தவர், விமான ஊழியர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் எல்லாரும் ஒரே வாரத்தில் அடிபட்டார்கள். சரக்கு விமானம் நிற்கவில்லை, கையுறையும் மருத்துவப் பொருளும் பறந்துகொண்டுதான் இருந்தன. கிடங்கு வேலையில் இருந்தவன் தப்பித்தான். ரப்பர் விலை விழுந்தால் ஊரே படுத்துக்கொள்ளும் பழைய கதையைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை.

வாடகை, நெரிசல், இரைச்சல் எல்லாம் உண்டு, அது எல்லாருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாத ஒன்று, ஓடுபாதைக்கு நேராக இருக்கும் பகுதிகளில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பது. பக்கத்தில் நிலம் வாங்கிப் போட்டால் எப்படியும் லாபம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதை முதலில் நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், கெடாவில் கூலிம் பக்கம் புதிய விமான நிலையம் என்ற பேச்சு பல வருஷமாக இருந்துகொண்டே இருப்பதுதான். அந்த வட்டாரமும் தோட்ட வட்டாரம். திட்டம் வருமா வராதா என்ற வாதம் பொருளாதார நிபுணர்களுக்கு இருக்கட்டும். அங்கே லயன் வீட்டில் இருப்பவர்கள் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு: தோட்டம் விற்றால் அதே வட்டாரத்தில் சொந்த வீடு, விற்பனை ஒப்பந்தத்திலேயே அதற்கான நிபந்தனையோடு. தமிழ்ப்பள்ளி நிலத்துக்குப் பள்ளியின் பெயரில் பட்டா. பிறகு, மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு உரிமப் படிப்புக்கான உபகாரச் சம்பளம், படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கும் சேர்த்து. ஓடுபாதை கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ, ஒரு பிள்ளை பி1 உரிமம் வாங்கவும் ஏறத்தாழ அத்தனை வருஷம் ஆகும், அதனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால்தான் முதல் விமானம் இறங்கும்போது கொட்டகைக்குள் நம் பிள்ளை நிற்கும்.